நாட்டை ஆண்டது யார்? மூன்று கேள்விகளில் ஒரு வரலாற்றுப் பாடம்



ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அரசாங்கம் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குக் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான். "ராஜா ஆண்டா முடியாட்சி. ஓட்டுப் போட்டா மக்களாட்சி. ராணுவம் வந்தா சர்வாதிகாரம்." இதை எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டதாலேயே ஓர் ஆட்சியைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடாது.

பிரிட்டனில் ராஜா இருக்கிறார். அங்கே நடப்பது மக்களாட்சி. வட கொரியாவின் முழுப் பெயரில் 'ஜனநாயக', 'மக்கள்', 'குடியரசு' என்று மூன்று சொற்களும் இருக்கின்றன. 1948 முதல் இன்றுவரை தாத்தா, மகன், பேரன் என்று ஒரே குடும்பம்தான் அங்கே ஆள்கிறது. அப்படின்னா பெயரை நம்பி என்ன பயன்?

அதனால் வகுப்பில் நான் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். எந்த நாடு, எந்தக் காலம், எந்த ஆட்சியாக இருந்தாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. இவரை நாற்காலியில் அமர்த்தியது யார்?
2. இவரைத் தட்டிக் கேட்கக்கூடியவர் யார்?
3. இவர் சரியில்லை என்றால் இறக்கக்கூடியவர் யார்?

இந்த மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம். தூர தேசத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கப் போகிறோம். நாம் பிறந்து வளர்ந்த இந்த மண்ணிலேயே உலகத்தில் உள்ள ஆட்சி வகைகளில் பெரும்பாலானவை வந்துபோய்விட்டன.

ஒருவர், சிலர், பலர்

ஆட்சிகளை வகை பிரிக்கும் வேலையை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் செய்தார். ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா என்று முதலில் பார்த்தார். பிறகு, யாருடைய நன்மைக்காக ஆள்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவர் எல்லாருக்காகவும் ஆண்டால் அது நல்ல முடியாட்சி. தனக்காக ஆண்டால் கொடுங்கோல். சிலர் பொதுநலத்துக்காக ஆண்டால் சான்றோர் ஆட்சி. தங்கள் பணப்பைக்காக ஆண்டால் செல்வர் ஆட்சி. பலர் ஆளும்போதும் இதே கதைதான். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

அவர் வாழ்ந்த ஏதென்ஸ் நகரம் மக்களாட்சிக்குப் பெயர் போனது. 500 பேர் கொண்ட மன்றத்துக்குக் குடிமக்களைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஒருவர் அளவுக்கு மீறி வளர்கிறார் என்று தோன்றினால் பானை ஓட்டில் பெயர் கீறி வாக்களித்து, பத்து ஆண்டுகள் ஊரைவிட்டு அனுப்பவும் வழி வைத்திருந்தார்கள். ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே ஓட்டு இல்லை. அதே ஏதென்ஸ்தான் கி.மு. 399ல் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தது. பலர் சேர்ந்து முடிவெடுத்தாலும் தவறு நடக்கும் என்பதை இதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நம் மரபில் அரசன்

நம் மரபில் அரசன் இறைவனுக்கு அடுத்தவன், அவனை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருக்குறளின் பொருட்பாலைத் திறந்து பாருங்கள். 'செங்கோன்மை' என்று ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அடுத்ததாகவே 'கொடுங்கோன்மை' என்றும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அரசன் கெட்டுப்போவான் என்று அவருக்குத் தெரியும்.

45ஆம் அதிகாரமான 'பெரியாரைத் துணைக்கோடல்' நம் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில். தவறு செய்யும்போது இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், கெடுக்க ஒரு பகைவனும் இல்லாவிட்டாலும் தானாகவே கெட்டுப்போவான் என்பது அங்கே வள்ளுவர் சொல்லும் கருத்து. கேட்க ஆள் இருப்பது அரசனுக்கு அவமானம் இல்லை. அதுதான் அவனுக்குக் காவல்.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மலாக்காவுக்கு வாருங்கள்.

மலாக்கா: ஒப்பந்தமும் ஒரு மரணமும்

மலாய் அரச மரபைச் சொல்லும் 'செஜாரா மெலாயு' நூலில் ஓர் அழகான இடம் உண்டு. பலெம்பாங்கில் ஸ்ரீ திரி புவனா என்ற அரசருக்கும் டெமாங் லேபார் டாவுன் என்ற தலைவருக்கும் நடந்த ஒப்பந்தம் அது. குடிகள் அரசருக்குத் துரோகம் நினைக்கக் கூடாது. அரச வம்சத்தார் குடிகளை இழிவான சொற்களால் அவமானப்படுத்தக் கூடாது. ஒரு பக்கம் வாக்கை மீறினால் மறுபக்கமும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. முடியாட்சிதான், ஆனாலும் அடியில் ஓர் உடன்பாடு இருக்கிறது.

அந்த உடன்பாட்டைக் காக்கும் அமைப்பு ஏதாவது இருந்ததா? சுல்தான் மாமுட் ஷா காலத்தில் நடந்ததைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துன் முதாஹிர். தமிழ் முஸ்லிம் வழி வந்தவர். நைனா சுரா தேவனா, ராஜா மெண்டெலியார் என்ற இரண்டு வணிகர்களுக்கு இடையே தகராறு. பெண்டஹாரா அரியணையைப் பறிக்கத் திட்டமிடுகிறார் என்று ஒரு பழி கிளம்பி சுல்தான் காதுக்குப் போனது. விசாரணை இல்லை. 1510ல் துன் முதாஹிரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். பிறகுதான் அது பொய் என்று சுல்தானுக்குத் தெரிந்தது என்கிறது அந்நூல்.

அடுத்த ஆண்டு, 1511ல், போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன, மலாக்கா விழுந்தது. இந்த ஒரு கொலையால்தான் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. பீரங்கிகளும் காரணம், வணிகப் போட்டியும் காரணம். ஆனால் பகைவன் வாசலுக்கு வந்தபோது அரண்மனைக்குள் அனுபவசாலிகள் இல்லை, ஒற்றுமையும் இல்லை. நல்ல அரசர் வாய்த்தால் முடியாட்சியில் வேலை சட்டென்று நடக்கும். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், ஒரு வதந்தியே ஒரு குடும்பத்தை அழிக்கப் போதும்.

கடை வைத்தவர்கள் ஆண்ட காலம்

போர்த்துகீசியரிடமிருந்து 1641ல் மலாக்காவைப் பிடித்தது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. கவனியுங்கள், ஒரு கம்பெனி! அதற்குச் சொந்தப் படை, சொந்த நீதிமன்றம், சொந்த ஆளுநர் எல்லாம் இருந்தன. மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் ஹாலந்தில் இருந்த பதினேழு இயக்குநர்கள்.

ஆங்கிலக் கம்பெனியும் இதே வழியில் வந்தது. 1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். எதிரிகள் தாக்கினால் கம்பெனி படை அனுப்பும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் தீவை விட்டுக்கொடுக்க முன்வந்தார், படை வரவில்லை. 1826ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்று ஒன்றாக்கப்பட்டு இந்தியாவோடு இணைத்து ஆளப்பட்டன. ஆக, நம் முன்னோர்களில் சிலர் சென்னையிலிருந்து கப்பலேறி பினாங்கில் இறங்கியபோது, ஏறிய இடத்திலும் இறங்கிய இடத்திலும் ஆண்டது ஒரே கம்பெனி. இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து இறக்கும் இடமாகவும் இந்தத் துறைமுகங்கள் இருந்தன. 1867ல்தான் இவை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடியாக லண்டன் காலனித்துவ அலுவலகத்தின் கீழ் வந்தன.

வட போர்னியோவை, அதாவது இன்றைய சபாவை, 1881 முதல் ஒரு பட்டயக் கம்பெனி ஆண்டது. சரவாக்கோ இன்னும் விசித்திரம். 1841ல் ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் அங்கே ராஜா ஆனார். பிறகு அவருடைய சகோதரி மகன் சார்ல்ஸ். அதன் பிறகு சார்ல்ஸின் மகன் வைனர். நூறு ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அங்கே அரச பரம்பரை! இரண்டு ஆட்சிகளும் முடிந்தது 1946ல்.

கம்பெனி ஆட்சிக்கு மூன்று கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். அமர்த்தியது யார்? பங்குதாரர்கள். கேட்கக்கூடியவர் யார்? பங்குதாரர்கள். இறக்கக்கூடியவர்? அவர்களும் அவர்களுக்குப் பட்டயம் தந்த அரசாங்கமும். வரி கட்டியவன் எங்கே? எந்தப் பதிலிலும் இல்லை.

முத்திரை சுல்தானுடையது, முடிவு ரெசிடெண்டுடையது

மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷார் வேறு வழியில் போனார்கள். 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக் சுல்தானுக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆலோசனை சொல்வார். மலாய் சமயம், வழக்கம் இரண்டும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். 'ஆலோசனை' என்று பெயர். ஆனால் கேட்டே ஆக வேண்டும்! முதல் ரெசிடெண்டான பர்ச் 1875ல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். சுல்தான் அப்துல்லாவை சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அமர்த்தியவரே இறக்கவும் செய்தார்.

இதைப் படிக்கும்போது ஒரு பாடம் தெரிகிறது. நாற்காலியில் இருப்பவரும் ஆள்பவரும் எப்போதும் ஒருவராகவே இருப்பதில்லை. ரோமாபுரியிலும் இப்படித்தான். கி.மு. 27ல் அகஸ்டஸ் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்த பிறகும் செனட் சபை கூடிக்கொண்டுதான் இருந்தது. குடியரசு என்ற பெயரும் போகவில்லை. அதிகாரம் மட்டும் இடம் மாறியிருந்தது.

தோட்டம்: நாட்டுக்குள் ஒரு நாடு

இப்போ நம் வீட்டுக்கு வருவோம். உங்கள் பாட்டி தாத்தா தோட்டத்தில் இருந்தவர்களா? அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அன்றாடம் பார்த்த அரசாங்கம் கோலாலம்பூரிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. தோட்டத் துரைதான் அரசாங்கம். அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி. வேலை, கூலி, லயத்து வீடு, மருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் துரையின் எல்லைக்குள். பேரட்டுக்கு மணி அடிப்பதிலிருந்து விருந்தாளி உள்ளே வரலாமா என்பது வரைக்கும் அவர் முடிவு.

ஓட்டு இல்லாத அந்த மக்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. மருத்துவ வசதி. கள்ளுக்கடைகளை மூடுவது. பெண்களிடம் மேலதிகாரிகள் தவறாக நடப்பதை நிறுத்துவது. பேசவும் கூடவும் உரிமை. உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி.

இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள்.

இந்த ஒரு வரியில் நான் வகுப்பில் எப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். காசு சம்பந்தமில்லாத கோரிக்கை அது. ஒரு காசு கூலி கூடாது அதனால். ஆனால் தன் சைக்கிளில், தன் வழியில் போகிற மனிதன் எதற்காக இறங்கி நிற்க வேண்டும்? ஆட்சி என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. அது மனிதனின் முதுகை வளைக்கும் இடத்தில்தான் அன்றாடம் தெரிகிறது. அந்தத் தொழிலாளர்களுக்கு இது புரிந்திருந்தது. பதில் என்ன வந்தது? நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

சில மாதங்கள்தான் கழிந்தன. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் சரணடைந்தது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார்களில் பலர் சிறைமுகாமுக்குள் போனார்கள். வந்தது இராணுவ ஆட்சி. மூன்று கேள்விக்கும் அங்கே ஒரே பதில்: துப்பாக்கி. 1943ல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் திரும்பி வரவில்லை.

குடிமக்கள் ஆன கதை

போருக்குப் பின் 1946ல் பிரிட்டன் மலாயன் யூனியனைக் கொண்டுவந்தது. சுல்தான்களின் அதிகாரத்தைப் பெரும்பாலும் எடுத்துவிடும் திட்டம் அது. மலாய் மக்கள் பெரிய அளவில் எதிர்த்தார்கள். 1948 பிப்ரவரி 1ஆம் தேதி அதன் இடத்தில் மலாயாக் கூட்டரசு வந்தது. இதற்கிடையே, எல்லா இனத்தாரும் கலந்த ஓர் அரசியலமைப்பு வேண்டும் என்று கேட்டு 1947 அக்டோபர் 20ல் நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹர்த்தால்'. இந்திய விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்த சொல்.

1955ல் முதல் கூட்டரசுத் தேர்தல். 52 இடங்களில் 51ஐ கூட்டணி வென்றது. ஆனால் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். குடியுரிமை இல்லாததால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் பார்க்க மட்டுமே முடிந்தது. பால் மரம் சீவிய கைகளுக்கு அப்போது ஓட்டுச்சீட்டு இல்லை. 1957க்குப் பிறகும்கூட, குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நீங்கள் பதினெட்டு வயதில் தானாகப் பெறும் உரிமை உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைக்காமல் போனது.

இன்று நம்மை ஆள்வது யார்?

மலேசியாவின் இன்றைய அமைப்பு உலகத்திலேயே அபூர்வமானது. ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 17ஆவது மாமன்னர். நெகிரி செம்பிலானில் இன்னொரு சிறப்பு உண்டு. அங்கே ஆட்சியாளரையே நான்கு உண்டாங் தலைவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் ஆளுநர்கள்.

ஆனால் சட்டம் இயற்றுவதும் நாட்டின் பணத்தைச் செலவிட அனுமதி தருவதும் நாடாளுமன்றத்தின் வேலை. மக்களவையில் 222 இடங்கள். பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று மாமன்னர் கருதுபவரே பிரதமர். 2022 நவம்பர் 19 தேர்தலில் யாருக்கும் 112 இடங்கள் கிடைக்காதபோது, மாமன்னர் மற்ற ஆட்சியாளர்களோடும் கலந்து பேசினார்; நவம்பர் 24ல் பிரதமர் பதவியேற்றார். அரசர் என்ற பதவி அலங்காரம் மட்டும் இல்லை என்பதை நாம் எல்லாரும் அந்த ஐந்து நாளில் கண்ணால் பார்த்தோம். அதேபோல 2018 மே 9ஆம் தேதி, 1957 முதல் தொடர்ந்து ஆண்ட அணி ஓட்டால் இறங்கியதையும் பார்த்தோம். மூன்றாவது கேள்விக்கு நம் நாட்டில் பதில் இருக்கிறது.

பக்கத்து வீடான சிங்கப்பூர் குடியரசு. 1993 முதல் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. 2023ல் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தர்மன் சண்முகரத்னம் எழுபது விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளோடு அதிபரானார். ஆனாலும் அன்றாட ஆட்சி பிரதமரின் அமைச்சரவையிடம்தான்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், இல்லை. நம் வீட்டு வாசல் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை லாரி, கோயிலுக்குப் போகிற சாலை, இதையெல்லாம் கவனிப்பது நகராண்மைக் கழகம். ஒரு காலத்தில் அதற்கும் தேர்தல் இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1951ல் நடந்தது. 1965ல் நிறுத்திவைத்தார்கள், 1976 சட்டத்தோடு அந்த வழி மூடப்பட்டது. இன்று கவுன்சிலர்கள் நியமிக்கப்படுகிறார்கள். உங்கள் பகுதி கவுன்சிலர் யார் என்று வகுப்பில் கேட்டால், கை தூக்குபவர்கள் ஒருவர் இருவர்தான். அமர்த்தியது நாம் இல்லை என்பதால், கேட்கவும் மறந்துவிட்டோம்.

ஓட்டு மட்டும் காப்பாற்றுமா?

ஜெர்மனியைப் பாருங்கள். 1933 ஜனவரி 30ல் ஹிட்லர் பிரதமரானது சட்டப்படிதான். மார்ச் 23ல் நாடாளுமன்றமே வாக்களித்து, தன்னைக் கேட்காமல் சட்டம் போடும் அதிகாரத்தை அவர் அரசுக்குக் கொடுத்தது. எதிர்ப்பவர்கள் பலர் அதற்குள் சிறையில். சில மாதங்களில் மற்றக் கட்சிகள் எல்லாம் காணாமல் போயின. முதலில் போனது கேட்கும் உரிமை. அதன் பிறகு இறக்கும் உரிமை தானாகப் போய்விட்டது. மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் மற்ற இரண்டையும் தாங்கி நிற்கிறது.

கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது

கடைசியாக, நம் மரபிலிருந்து ஒரு கல்வெட்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை முறை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

நாம் பெருமையாகப் பேசுகிற இந்த ஏற்பாட்டை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு பிராமணச் சபையின் ஊர். சொந்த நிலம், சொந்த வீடு, வேத அறிவு, 35 முதல் 70க்குள் வயது, இவையெல்லாம் தகுதி. பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் இடமில்லை. "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்" என்று மேடையில் முழங்குவதைவிட, இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஆனால் அந்தக் கல்லில் இரண்டு விதிகள் இருக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்!

இப்போ நம் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் நினைத்துப் பாருங்கள். நான் போயிருந்த ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம் சேர அரை மணி நேரம் காத்திருந்தோம். கணக்கறிக்கை வந்தது. "எல்லார் கையிலும் இருக்கு, வாசிச்சதா எடுத்துக்கலாமா?" என்றார் ஒருவர். எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் பழைய செயலவையே மறுபடியும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை; உழைக்கிற நல்ல மனிதர்கள்தான். ஆனால் இடித்துச் சொல்ல ஆள் இல்லாத நல்லவர்களுக்கும் வள்ளுவர் சொன்ன ஆபத்து உண்டு.

பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை மட்டும் கை தூக்கினாள். "அண்ணா, மண்டப வாடகை போன வருஷத்தைவிட இரண்டு மடங்கா இருக்கே, ஏன்?" பொருளாளர் கோபப்படவில்லை. ரசீதை எடுத்துக் காட்டினார். இரண்டு நிகழ்ச்சிக்கு ஒரே கணக்கில் எழுதியிருந்தது. திருத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம். மரியாதை குறையாமல் கேள்வி கேட்க முடியும், கேள்வி கேட்டதால் சங்கம் உடைந்துவிடாது என்று அன்றைக்கு அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

2021 டிசம்பர் 15 முதல் மலேசியாவில் 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே சேர்கிறது. 2022 தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 21 மில்லியனுக்கும் மேல். பெயர் இருப்பது ஒன்று; போய் ஓட்டுப் போடுவது இன்னொன்று. உங்கள் அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் உங்கள் ஓட்டு. சித்தியவானில் பிறந்து சைபர்ஜெயாவில் வேலை செய்கிறவர் முன்கூட்டியே இதைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு வயது 21. அங்கே வாக்களிப்பது கட்டாயம்.

யாருக்கு ஓட்டு என்று நான் சொல்லப் போவதில்லை. நம் மேடை அதற்கானதும் இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் வருவதில்லை. அது வீட்டில், கிளையில், கோயில் கூட்டத்தில் பழகிப் பழகி வர வேண்டும். அன்று கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றவர்களிடம் ஓட்டு இல்லை, குடியுரிமை இல்லை, காவலுக்கு ஒரு சட்டமும் இல்லை. நம்மிடம் மூன்றும் இருக்கின்றன.

கிளை வகுப்பில் கலந்துரையாட

1. உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்திலோ கம்பத்திலோ முடிவெடுத்தது யார்? மூன்று கேள்விகளையும் அவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.
2. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நகராண்மைக் கழகக் கவுன்சிலர் யார் யார்? இவர்களில் உங்களால் இறக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?
3. உத்திரமேரூர் விதிகளில் எது நம் கிளையின் சட்டவிதிகளில் இருக்க வேண்டும்? எது இருக்கவே கூடாது? காரணம் சொல்லுங்கள்.
4. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் கணக்கறிக்கையை ஒரு வாரம் முன்னதாகவே கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வி தயார் செய்யுங்கள்.